உப்பு, கரி, செம்புத் தகடு

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. வாயைத் திறந்தாலே வீட்டில் இருப்பவர்கள் "ஆரம்பிச்சுட்டாங்க" என்று எழுந்து போய்விடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதி உங்களிடம் சொல்கிறேன். நீங்களும் எழுந்து போகலாம்தான், ஆனால் உங்கள் முட்டி அவ்வளவு சீக்கிரம் விடாது. அதற்குள் பாதியைச் சொல்லி முடித்துவிடுவேன்.

எங்கள் வீட்டுக்குக் கரண்டு வந்த வருஷத்துக் கதை இது. எங்களுக்கு எருத்தேன்பதிப் பக்கம். கிழக்கே நடந்தால் கோயமுத்தூர் ஜில்லா, மேற்கே நடந்தால் மலையாளம். நடுவில் நாங்கள் நிலக்கடலையும் சோளமும் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கத்துக்காரர்களிடமும் "நீங்க அந்தப் பக்கமா?" என்று கேள்வி வாங்கிக்கொண்டு இருந்தோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. ரோட்டோரமாகக் கம்பம் நட்டுக் கம்பி இழுத்ததும் எங்கள் அப்பாதான் முதலில் எழுதிப் போட்டார். எதிலும் முதலாவதாக இருக்க வேண்டும் அவருக்கு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் வீட்டில் வேலை ஆரம்பமாகிவிட்டது.

வேலைக்கு வந்தவரை ஊரில் எல்லோரும் வயர்மேன் என்றுதான் கூப்பிட்டோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பழகியவர். மனைவி உடும்பஞ்சோலையில் ஏலத்தோட்டத்து வேலையில் இருந்தாள். இவர் இங்கே கொழிஞ்சாம்பாறையில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, சைக்கிளில் ஊர் ஊராகப் போய் வயரிங் வேலை செய்துவந்தார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. சைக்கிள் பாரில் ஒரு காக்கிப் பை. பையைத் திறந்தால் புது ரப்பர் வாசனை வரும். நான் அந்த வாசனைக்காகவே பக்கத்தில் போய் உட்காருவேன்.

பத்து நாள் வேலை. சுவரில் தேக்குப் பட்டை அடித்து, அதன் மேல் வயரைப் படுக்க வைத்து, தகரக் கிளிப்பை மடக்கி மடக்கிக்கொண்டே போவார். ஒரு கிளிப்புக்கும் இன்னொரு கிளிப்புக்கும் இடைவெளி கொஞ்சம் கூடிவிட்டாலும் பிடுங்கி மறுபடி அடிப்பார். "யாரு பாக்கப் போறாங்க?" என்று அப்பா ஒரு நாள் சிரித்தார். "நான் பாப்பேன்லா ஐயா" என்றார் வயர்மேன்.

அம்மாவுக்குச் சமையல்கட்டில் மட்டும் கரண்டு வேண்டாம். அடுப்பு இருக்கிற இடத்தில் இன்னொரு நெருப்பு எதற்கு என்பது அவள் வாதம். வயர்மேன் மல்லுக்கு நிற்கவில்லை. கையில் ஒரு அரிக்கன் விளக்கோடு உள்ளே வந்தார்.

"அக்கா, நீங்க பாட்டுக்குக் குழம்பக் கிண்டுங்க. நான் இத அங்கன இங்கன பிடிச்சுப் பாக்கேன்."

"எதுக்குங்க?"

"ஒங்க நெழலு ஒங்க சட்டிக்குள்ள விழக்கூடாதுல்லா."

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தன் நிழலுக்குள்தான் அவள் சமைத்திருக்கிறாள். அதை ஒருவரும் கேட்டதில்லை, அவளுக்கே தெரிந்ததில்லை. அன்றைக்கு வயர்மேனுக்குக் கம்பஞ்சோறும் மோரும் தட்டு நிறைய வந்தது. முதல் முதலில் விளக்குப் போட்ட சாயங்காலம் சமையல்கட்டின் கரி முழுக்கத் தெரிந்துவிட்டது. அம்மா வெட்கப்பட்டுப் போய், மறுநாள் காலையிலேயே சுண்ணாம்பைக் கரைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் சிரிப்பு மிகுந்திருந்த வாரம் அது. அதற்குப் பிறகு அப்படி ஒன்று வந்ததாக எனக்கு நினைவில்லை.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்குப் பிறகு இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்து, இரண்டும் ஒரு வயது முடிவதற்குள் போய்விட்டன. அப்புறம் பிறந்தவன்தான் தம்பி. அந்த வருஷம் அவனுக்குப் பத்து மாதம். ஒரு வயதைத் தாண்டிவிட்டால் தங்கிவிடுவான் என்று அம்மாவின் கணக்கு. தினமும் காலையில் அவன் மூக்கின் அடியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாசல் கூட்டப் போவாள். அப்பா அதையெல்லாம் பார்த்தும் பாராமல் இருப்பார். தலையெழுத்து என்று ஒரு வார்த்தை வைத்திருந்தார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு அம்மா கிணற்றில் தண்ணீர் சேந்துவதைப் பார்த்து, அப்பா வீட்டுக் கிணற்றுக்கு ஒரு மோட்டார் போட்டுவிடலாம் என்றார். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டு ஊர்த் திருவிழாவுக்கு, எங்கள் பேச்சில் நோம்பிக்கு, போயிருந்த மூன்று நாளில் அந்த வேலை நடந்தது. பள்ளிக்கூடம் இருந்ததால் நான் அப்பாவோடு இருந்தேன்.

வயர்மேன் கிணற்றடியில், மோட்டார் வைத்த சின்னக் கொட்டகைக்குப் பின்னால், தன் மார்பளவுக்கு ஒரு குழி தோண்டினார். என் சிலேட்டை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு செம்புத் தகடு. அதில் கனத்த செம்புக் கம்பியை இறுக்கி, குழிக்குள் நிறுத்தினார். சுற்றி ஒரு அடுக்குக் கரி, அதன் மேல் ஒரு அடுக்குக் கல்லுப்பு, மறுபடியும் கரி, மறுபடியும் உப்பு. அப்பா தோட்டத்தில் இருந்தார். நான் மட்டும் குழி ஓரத்தில் குந்திக்கொண்டு, இது என்ன சமையல் என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "மோட்டாருக்குள்ள ஓடுத கரண்டு எப்பவாச்சும் வழி தப்பி வெளிய வந்துரும், பாப்பா. வந்தா, தொட்டவன அடிச்சிரும். அது ஆள அடிக்காம மண்ணுக்குள்ள எறங்கிப் போறதுக்கு இது ஒரு பாத. பேரு எர்த்து. மண்ணு காஞ்சா பாத அடைச்சுக்கிடும். தெனமும் ஒரு கொடம் தண்ணி ஊத்துவியா?"

ஊத்துவேன் என்றேன். எனக்கு ஏதோ சர்க்கார் உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தது. மண்ணை மூடியதும் முதல் குடத்தை அவர் கண் முன்னாலேயே ஊற்றினேன்.

நோம்பி முடிந்து அம்மா வந்தபோது தம்பிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. அப்பா வண்டி கட்டிச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மருந்து கொடுத்தார்கள். நாலாம் நாள் பிள்ளைக்கு வெட்டு வந்து, கை கால் இழுத்து, கண் மேலே செருகிவிட்டது. முதல் இரண்டு பேரும் போனது இப்படித்தான். அப்பா அன்று சந்தைக்குப் போயிருந்தார். அம்மா தம்பியை முந்தானையில் சுற்றி, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு, மேற்கே இரண்டு மைல் நடந்து, மை போட்டுப் பார்க்கிற ஒரு கிழவரிடம் போனாள்.

வெற்றிலையில் மையைத் தடவி வெகுநேரம் பார்த்தார் அவர். பிறகு, "ஊட்டுக்குள்ள அந்நியன் கால் வெச்சிருக்கான். ஈரமுள்ள எடத்துல தகடு பொதைச்சிருக்குது" என்றார். வருகிற எல்லோரிடமும் அவர் சொல்கிற சொல் அதுவாகத்தான் இருந்திருக்கும் என்று இன்று எனக்குத் தெரிகிறது. அன்று நான் குதித்து எழுந்தேன்.

"ஆமாங்க! வயர்மேன் பொதைச்சாருங்க. கெணத்தடியில. செம்புத் தகடு, உப்பு, கரி எல்லாம் போட்டாருங்க. நான் பாத்தனுங்க!"

கிழவர் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நம்மூரில் தகடு, உப்பு, கரி என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் செய்வினை என்றுதான் பொருள். வேறு எந்தக் காரியத்துக்கு அந்த மூன்றையும் ஒன்றாகப் புதைப்பார்கள் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். எர்த்து என்கிற பேர் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் பெரியவர்கள் இரண்டு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அந்தப் பேரைச் சொன்னால் அது சப்பென்று முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. நான் சொல்லவில்லை. குழந்தை, தெரியாமல் செய்தது என்று நீங்கள் சொல்வீர்கள். ஒன்பது வயதில் எனக்கு எல்லாம் தெரியும்.

"அக்கா அக்கான்னு கூப்புட்டானே" என்று அம்மா வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள். "என்ற கையில சோறு வாங்கித் தின்னானே."

மறுநாள் அப்பா தோட்டத்துக்குப் போனதும் அவளே மண்வெட்டி எடுத்துத் தோண்டினாள். கறுத்த உப்பும் கரியும் குழைந்து வந்தன, ஒரு துணுக்கு விடாமல் கூடையில் அள்ளினாள். தகட்டைக் கண்டதும் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். கம்பியை அரிவாளால் வெட்டி, அப்பாவுக்குச் சந்தேகம் வராமல் மேலே சுவரில் தெரிகிற துண்டின் நுனியை மண்ணுக்குள் செருகிவிட்டாள். கிழவர் சொன்ன மாதிரி குழியில் மஞ்சள் தண்ணீர் தெளித்து மூடினாள். ஆற்றுக்குப் போய்க் கூடையைக் கவிழ்த்துவிட்டு, துணியில் கட்டிக் கொண்டுபோன தகட்டையும் அவிழ்த்து எறிந்தோம். அது விழுந்தபோது ஒரு முறை பளிச்சென்று திரும்பியது.

"அப்பங்கிட்டச் சொல்லீராத கண்ணு. அவரு நம்ப மாட்டாரு. நீ எப்பவும் போல தண்ணி ஊத்திட்டே இரு, இல்லீன்னா என்ன ஏதுன்னு கேப்பாரு."

மூன்றாம் நாள் தம்பியின் காய்ச்சல் விட்டது. ஆஸ்பத்திரி மருந்தால் விட்டதோ, தானாக விட்டதோ, யார் கண்டது? அம்மா தரையில் விழுந்து கும்பிட்டாள். பிறகு அவனுக்கு ஒரு வயதும் முடிந்தது. நான் தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் அந்த வெறும் குழியின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சில நாள் எனக்கே மறந்துபோகும், கீழே ஒன்றும் இல்லை என்று.

ஐப்பசி மழையில் மோட்டார் உறும ஆரம்பித்தது. தண்ணீர் சரியாக வரவில்லை. சுவிட்சு கொட்டகை வாசலில், மரப் பலகையில் இருந்தது. அதைத் தட்டுவதோடு சரி, மோட்டாரை யாரும் தொடுவதில்லை. அப்பா வயர்மேனுக்கு ஆள் அனுப்பினார். மறுநாள் காலை அவர் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். அம்மா வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். "அக்கா ஊருல இல்லியா?" என்று கேட்டவருக்கு அப்பாதான் ஏதோ சமாதானம் சொன்னார்.

வயர்மேன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தார். மழைத் தண்ணீர் தரையில் தேங்கி நின்றது. குனிந்தவர், வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன பாப்பா, தெனமும் தண்ணி ஊத்துதியா?"

"ஊத்துறனுங்க" என்றேன்.

அது பொய் இல்லை. அன்றைக்குக் காலையிலும் ஊற்றியிருந்தேன். நான் வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று எழுபது வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டே வார்த்தைதான். 'தகடு இல்லீங்க.' ஒரு பிள்ளை மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது.

அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, "போடுங்க ஐயா" என்றார். அப்பா சுவிட்சைத் தட்டினார். மோட்டார் உறுமியது. வயர்மேனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மலைத் தொழிற்சாலையில் பழகியது. ஓடுகிற மோட்டாரின் மேல், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் வைப்பது போல உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூட்டையும் அதிர்வையும் வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். கரண்டு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு வயர் தொங்கும் ஒரு சோதனை பல்பு அவர் பையில் இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை. அவர் போட்ட எர்த்து அது. எதற்கு எடுக்க வேண்டும்?

கையை வைத்தார். வைத்த கை வரவில்லை.

அப்பா சுவிட்சை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாசலில் அவருடைய செருப்பு இரண்டும் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கரண்டாபீஸிலிருந்து வந்தவர்கள் செம்புக் கம்பியைப் பிடித்து இழுத்தார்கள். கையோடு வந்துவிட்டது. குழியைத் தோண்டினார்கள். ஒன்றும் இல்லை. "எர்த்தே போடலை" என்று எழுதிக்கொண்டார்கள். அப்பா திகைத்துப் போனார், பிறகு அவருக்குக் கோபம் வந்தது. "தகடு போட்டனுங்கன்னு என்ற மூஞ்சியப் பாத்துச் சொன்னானே! வெறுங் கம்பியச் சொருகி ஏமாத்திப்போட்டானே! என்ற பொண்டாட்டி புள்ளைக அந்த மோட்டாரத் தொட்டிருந்தா?" ஒரு மாதம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதையே சொன்னார். சொல்லச் சொல்லச் சுற்றுவட்டாரம் முழுக்க அதுவே பேச்சாகிவிட்டது. கிளிப்புக்குக் கிளிப்பு இடைவெளி பார்த்த மனுஷனுக்குக் கடைசியில் கிடைத்த பேர், ஏமாற்றுக்காரன்.

அம்மாவுக்கு எர்த்து என்றால் என்னவென்று அப்போதும் தெரியாது. தெரிந்தது, அப்பா சித்தூரிலிருந்து இன்னொரு வயர்மேனைக் கூட்டிவந்தபோது. புதியவன் அதே இடத்தில் குழி தோண்டினான். கரி மூட்டை வந்தது. உப்பு மூட்டை வந்தது. அவன் பையிலிருந்து செம்புத் தகட்டை எடுத்தபோது அம்மா சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். அந்நிய ஆணிடம் முகம் கொடுத்துப் பேசாதவள், கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்க, இதெல்லாம் எதுக்குங்க?"

"எர்த்துக்குங்கம்மா. இது இருந்தா மோட்டாரத் தொட்டாலும் ஆளுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. முன்ன வந்தவன் இதப் போடாம வுட்டுத்தானுங்க அவனே போய்ச் சேந்தான்."

அம்மா கதவை விட்டுவிட்டு உள்ளே போனாள். அந்த பல்பின் கீழே, நிழல் விழாத அந்த இடத்தில், அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தாள். சோறு கரிந்து வீடெல்லாம் நாறியது. நான் போய் அடுப்பிலிருந்து பானையை இறக்கினேன். அப்போது என் கையைப் பிடித்தாள்.

"கண்ணு, இது எதுக்குன்னு உனக்கு முன்னையே தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன்.

அவள் என் கையை விட்டாள். அவ்வளவுதான். அன்று நான் தெரியும் என்று சொல்லியிருந்தால், அந்தப் பாவத்தில் பாதி என் தலைக்கு வந்திருக்கும். முழுதையும் அவளே தூக்கிக்கொண்டு இன்னும் நாற்பது வருஷம் இருந்தாள். புதுக் குழிக்குத் தண்ணீர் ஊற்ற அதற்குப் பிறகு அவள் யாரையும் விட்டதில்லை. காய்ச்சலென்றாலும் எழுந்து போய் ஊற்றிவிட்டு வந்து படுப்பாள். அப்பா, அந்த வயர்மேனைத் திட்டிக்கொண்டே நல்லபடியாகச் செத்தார். தம்பி இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டான். இதைப் படிப்பான். படிக்கட்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

புது வயர்மேன் வேலை முடித்துப் போன வாரத்தில், இறந்துபோன எங்கள் வயர்மேனின் மனைவி வந்தாள். மலையிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். சாயம்போன நீலச் சேலை, விரல் நகமெல்லாம் ஏலக்காய்க் கறை. காக்கிப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். அப்பா கொடுக்கச் சொன்ன காப்பியைத் தொடவில்லை.

"ஐயா, அவுக போனது ஆண்டவர் சித்தம்னு மனசத் தேத்திக்கிடுவேன். தகடு வைக்காம ஏமாத்திட்டாகன்னு பஸ்சுல ஏறுனதுலருந்து காதுல விழுது. அதத்தான் தாங்க முடியல. அவுக அப்படிச் செய்ய மாட்டாக ஐயா. அவுகளுக்கு அந்தத் தொழில விட்டா வேற என்ன பெரும இருந்துச்சு?"

அப்பா தணிவாகவே சொன்னார். "தோண்டிப் பாத்தாச்சும்மா. நாலு பேரு முன்னால. ஒண்ணுமில்ல."

அவள் வெகுநேரம் பையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தண்ணி ஊத்துத பாப்பா நீதானா? ஊருக்கு வந்தப்ப ஒன்னயப் பத்திச் சொன்னாக. பக்கத்துலயே இருந்து எல்லாத்தயும் பாத்துச்சுன்னு சொன்னாக. சொல்லு தாயி. அவுக தகடு வச்சத நீ பாத்தியா?"

நான் திரும்பினேன். கதவுக்குப் பின்னால் அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் தலையை ஆட்டவில்லை, கண் காட்டவில்லை. என்னைத் தடுக்க அவள் ஒன்றுமே செய்யவில்லை. இதை நான் சத்தியமாகச் சொல்வேன். தம்பியின் முகத்தைத் தோளில் சேர்த்து அழுத்திக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவளும் காத்திருந்தாள்.

"பாக்கலீங்க" என்றேன்.

வயர்மேனின் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். எட்டி என் தலையைத் தடவிக் கொடுத்தாள். "பச்சப் புள்ள. பொய்யா சொல்லப் போகுது" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அப்புறம் எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அப்பாவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள்.

"மன்னிச்சுக்கிடுங்க ஐயா. நம்பித்தான் வேலைக்குக் கூப்பிட்டிய. இது சின்னப் புள்ளைக இருக்க வீடு. அவுக இப்படிப் பண்ணுவாகன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. அவுகளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்."

"இருக்கட்டும், வுடும்மா" என்று அப்பா பெரிய மனது பண்ணிச் சொன்னார்.